ஒரே ஆளு, ரெண்டு வீட்டு விருந்து: 'போரும் வாழ்வும்' ஆரம்பத்துல என்னதான் நடக்குது

"டால்ஸ்டாய் நாவல் போர் பத்தினதுன்னு சொன்னாங்க, ஆனா தொறந்தா பார்ட்டிக்கு மேல பார்ட்டியா வருது, ஒரு வீட்ல முடிஞ்சா அடுத்த வீடு, பேரும் மனசுல நிக்கல, இந்த விருந்தெல்லாம் எதுக்கு, ஒண்ணுக்கும் இன்னொண்ணுக்கும் என்ன வித்தியாசம்"னு கேட்டிருந்தீங்க. நெறைய பேரு அந்த இடத்துலதான் புக்கை மூடி வெச்சுடுறாங்க. எனக்கு இந்த நாவல்ல திரும்பத் திரும்பப் படிக்கத் தோணுற பகுதியே அதுதான், அதனால கொஞ்சம் நீளமாவே சொல்றேன்.

இது 1865ல தொடரா வர ஆரம்பிச்சு 1869ல முழுசா முடிஞ்ச நாவல், கதை தொடங்குறது 1805. தமிழ்ல டி.எஸ்.சொக்கலிங்கம் மொழிபெயர்ப்புல 'போரும் வாழ்வும்'னு வந்தது. முதல் விருந்து பீட்டர்ஸ்பர்க்ல ஆன்னா பாவ்லொவ்னா ஷேரர் வீட்ல, ரெண்டாவது மாஸ்கோவுல ரஸ்தோவ் வீட்ல. அத்தனை பேரையும் ஞாபகம் வெச்சுக்கணும்னு சிரமப்படாதீங்க. ரெண்டு வீட்டுக்கும் போன ரெண்டே பேரை மட்டும் புடிச்சுக்குங்க. ஒருத்தர் பியேர். இன்னொருத்தங்க ஆன்னா மிகைலொவ்னா, நொடிச்சுப்போன குடும்பம், போரிஸ்னு ஒரே பையன். இவங்க ரெண்டு பேரும் ரெண்டு வீட்லயும் எப்படி நடத்தப்படுறாங்கன்னு பாத்தாலே போதும், டால்ஸ்டாய் என்ன பண்றாருன்னு புரிஞ்சுடும்.

முதல்ல ஆன்னா பாவ்லொவ்னா. 40 வயசு, ராஜமாதா மரியா ஃபியோதரவ்னாவுக்கு அரண்மனைத் தோழி. நாலு நாளா இருமல், அதை அவங்க 'கிரிப்'னு, அதாவது ஃப்ளூவுக்கான பிரெஞ்சு வார்த்தையில, சொல்லிக்கிறாங்க, ஏன்னா அந்த வார்த்தை அப்ப புதுசு, பெரிய இடத்துல சில பேரு மட்டும்தான் சொல்லுவாங்க, வர்ற இருமல் கூட ஃபேஷனா வரணும் அவங்களுக்கு. காலையில சிவப்பு உடுப்பு போட்ட வேலைக்காரன் கையில பிரெஞ்சுல எழுதின அழைப்பு எல்லா வீட்டுக்கும் போகுது. சாயந்தரம் ஆளு வர வர, ஒவ்வொருத்தரையும் முதல்ல ஒரு வயசான அத்தை கிட்ட கூட்டிட்டுப் போறாங்க. தலையில பெருசு பெருசா ரிப்பன் கட்டின அந்த அத்தையை யாருக்கும் தெரியாது, யாருக்கும் வேண்டியதும் இல்ல. ஆனா எல்லாரும் போய் நலம் விசாரிக்கணும், அத்தை எல்லாருக்கும் ஒரே பதிலை, வந்தவங்க உடம்பு, தன் உடம்பு, அப்புறம் ராஜமாதா உடம்பு இன்னைக்கு கடவுள் புண்ணியத்துல தேவலன்னு வரிசையா சொல்லணும், கேட்டு முடிச்சதும் ஒரு பெரிய பாரம் இறங்கின மாதிரி நகர்ந்துடணும், அதுக்கப்புறம் சாயந்தரம் முழுக்க அந்தப் பக்கம் ஒருத்தரும் திரும்பிக்கூடப் பாக்குறதில்ல.

இந்த இடத்துலதான் டால்ஸ்டாய் அந்த உவமையைப் போடுறாரு. நூல் மில் முதலாளி ஷெட்டுக்குள்ள நடந்து வர்ற மாதிரின்னு. எந்த ஸ்பிண்டில் நின்னுடுச்சு, எது கிறீச்சுன்னு சத்தம் போடுதுன்னு பாத்து, ஓடிப்போய் நிறுத்தி, சரி பண்ணி, திரும்ப ஓடவிடுற ஆளு. ஆன்னா பாவ்லொவ்னா ஹால்ல பண்றதும் அதேதான், ஒரு கூட்டம் பேசாம உக்காந்தா பக்கத்துல போய் ஒரு வார்த்தை போடுறாங்க, ஒரு கூட்டத்துல குரல் ஏறினா ஒரு ஆளை அங்கேருந்து நகத்துறாங்க. இன்னொரு உவமையும் உண்டு, அது இன்னும் கடுமை. பிரான்ஸ்லேருந்து தப்பி வந்த ஒரு பிரபுவை அவங்க விருந்தாளிங்களுக்கு பரிமாறுறது, ஹோட்டல் மேனேஜர் ஒரு கறித்துண்டை இலை தழை எல்லாம் வெச்சு அலங்காரம் பண்ணிக் கொண்டுவர்ற மாதிரி, அதே துண்டை அழுக்கு அடுப்படியில பாத்திருந்தா தின்னவே தோணியிருக்காதுங்கறாரு. அதாவது அந்த வீட்ல சாப்பாடே விருந்தாளிங்கதான். 1806 கடைசியில அதே வீட்ல அதே மாதிரி இன்னொரு ஆளைப் பரிமாறுறாங்க, யாருன்னு பாத்தா நம்ம போரிஸ்!

இப்ப பியேர் உள்ள வர்றாரு. பெருத்த உடம்பு, மூக்குக்கண்ணாடி, பெரிய பணக்கார கவுண்ட் பெஸுகோவுக்கு முறைப்படி கல்யாணம் ஆகாம பொறந்த பையன், வெளிநாட்டுல படிச்சுட்டு இப்பத்தான் வந்திருக்காரு. ஆன்னா பாவ்லொவ்னா அவருக்கு வெக்கிற தலையசைப்பே, அவங்க ஹால்ல கடைசி படியில இருக்கறவங்களுக்குன்னு வெச்சிருக்கிற தலையசைப்பு. அவங்க முகத்துல ஒரு பயம், இடத்துக்குப் பொருந்தாத பெரிய சாமான் ஒண்ணு உள்ள வந்துட்ட மாதிரி. அவரும் அத்தை பேசி முடிக்கிறதுக்குள்ள எழுந்து போயிடுறாரு, அடுத்து நகரணும்னு நிக்கிற ஆன்னா பாவ்லொவ்னாவையே மறிச்சு வெச்சு பேச ஆரம்பிச்சுடுறாரு. அப்புறம் எல்லாரும் நெப்போலியனைத் திட்டுற இடத்துல, 1804ல நெப்போலியன் பிரெஞ்சு ராஜ வம்சத்து ஆங்கியன் பிரபுவை சுட்டுக்கொல்ல வெச்சது அரசியல் ரீதியா தேவையா இருந்துச்சுன்னு அவரு பாட்டுக்கு சத்தமா சொல்றாரு. ஹால் ஆடிப்போகுது. காப்பாத்துறது யாருன்னா இப்போலித், அங்க வந்திருக்கிற செல்வாக்கான இளவரசர் வஸீலியோட அசட்டுப் பையன், தப்புத்தப்பா ரஷ்யன்ல ஒரு கதை சொல்றான், கஞ்சப் பொம்பளை ஒருத்தி உயரமான வேலைக்காரிக்கு ஆம்பளை உடுப்பு மாட்டி வண்டிக்குப் பின்னாடி நிக்க வெச்சா, காத்துல தொப்பி பறந்து முடி அவுந்துடுச்சு, அவ்ளோதான் கதை. யாருக்கும் புரியல, ஆனா எல்லாருக்கும் நிம்மதி, நல்ல வேளை பேச்சை மாத்திட்டாருன்னு. இதை ரெண்டு மூணு தடவை படிச்சுப் பாருங்க. அந்த வீட்ல மனசுல பட்டதைச் சொன்ன ஒரே ஆளு குற்றவாளி, அர்த்தமே இல்லாம உளறினவன் நாகரிகமானவன்.

ஆன்னா மிகைலொவ்னா அந்த வீட்டுக்கு அழைப்பே இல்லாம வந்தவங்க. இளவரசர் வஸீலியைப் புடிச்சு மகனை கார்ட்ஸ்ங்கற ஜாரோட காவல் படைக்கு மாத்தித்தரச் சொல்லி கேக்கணும், அதுக்காகவே அந்த அத்தை பக்கத்துல உக்காந்து பிரெஞ்சுப் பிரபு கதையெல்லாம் கேட்டுக்கிட்டு இருந்தாங்க. வஸீலி கிளம்பும்போது வாசல் வரைக்கும் ஓடிப்போய், கண்ணுல தண்ணியோட, ஒரு காலத்துல அழகா இருந்த முகத்துல ஒரு சிரிப்பையும் வரவெச்சுக்கிட்டு கெஞ்சுறாங்க. வஸீலி மனசுல ஓடுறது என்னன்னா, செல்வாக்குங்கறது ஒரு முதல், பாத்து செலவு பண்ணணும், கேக்குற எல்லாருக்காகவும் சிபாரிசு பண்ணினா நமக்குன்னு கேக்க ஒண்ணும் மிஞ்சாது. கடைசியில செஞ்சு குடுக்குறாரு, ஒரு காலத்துல அந்தம்மாவோட அப்பாதான் இவரைக் கைதூக்கி விட்டவருங்கறதும் ஒரு காரணம், இல்லன்னா இந்தம்மா விடமாட்டாங்கங்கறதும் ஒரு காரணம்.

சரி, இப்ப மாஸ்கோ, பொவர்ஸ்காயா தெரு. அம்மாவுக்கும் கடைசி மகளுக்கும் ஒரே பேரு, நதால்யா, அன்னைக்கு அந்தப் பேருக்குரிய புனிதரோட நாள், ரஷ்யாவுல பொறந்தநாளை விட பெருசா கொண்டாடுற நாள். காலையிலேருந்து வண்டி வண்டியா ஆளுங்க. கவுண்ட் இலியா ரஸ்தோவ் ஒவ்வொருத்தரையும் வாசல் வரைக்கும் வந்து வழியனுப்பி, கட்டாயம் சாப்பாட்டுக்கு வந்துடணும், குடும்பத்தோட கூப்பிடுறேன்னு சொல்றாரு. தனக்கு மேல உள்ளவங்க, கீழ உள்ளவங்கன்னு எந்த வித்தியாசமும் இல்லாம எல்லாருக்கும் அதே வார்த்தை, அதே கைகுலுக்கல், அதே முகம். நம்ம பக்கம் 'முகம் பார்த்து பரிமாறுறது'ன்னு சொல்லுவோம் இல்லையா, அது அந்த மனுஷனுக்கு வரவே வராது. ஒருத்தரை அனுப்பிட்டு திரும்பி வர்ற வழியில, 80 பேருக்கு சாப்பாட்டு மேசை போட்டுக்கிட்டு இருக்கிற ஹாலுக்குள்ள போய், தட்டு தம்ளர் அடுக்கறதைப் பாத்து, கணக்கப்பிள்ளை மீத்தென்காவைக் கூப்பிட்டு, முக்கியமானது மேசை போடுறதுதான், நல்லா இருக்கட்டும்னு சொல்லி சந்தோஷமா ஒரு பெருமூச்சு விட்டுட்டு வர்றாரு. அந்தப் பெருமூச்சுல முழு மனுஷன் தெரிவாரு.

கவுண்டஸ் அவ்வளவு தெம்பா இல்ல. 45 வயசு, 12 புள்ள பெத்து ஓய்ஞ்ச உடம்பு. காலையிலேருந்து வந்தவங்களைப் பாத்துப் பாத்து களைச்சுப்போய், இன்னொரு வண்டி வந்திருக்குன்னதும், சரி கூப்பிடு, கொன்னே போட்டுடுங்கங்கற மாதிரி ஒரு குரல்ல சொல்றாங்க. இந்த விஷயம் எனக்கு ரொம்ப முக்கியமாப் படும், ஏன்னா உபசரிக்கிற வீட்ல ஒரு ஆளு சிரிச்சுக்கிட்டே நிக்கணும்னா இன்னொரு ஆளு உள்ளுக்குள்ள தேய்ஞ்சுக்கிட்டு இருக்கணும், அதை டால்ஸ்டாய் பாக்காம விடல.

இங்கயும் ஒரு அசம்பாவிதம் நடக்குது. பீட்டர்ஸ்பர்க்ல பியேர் வாயைத் தொறந்த மாதிரி, இங்க 13 வயசு நதாஷா. பெரியவங்க 80 பேர் உக்காந்திருக்கிற விருந்துல சின்னப் புள்ளைங்க வாயைத் தொறக்கக்கூடாது, தம்பி பேத்யா "நீ கேக்கமாட்டே"ன்னு சவால் விட்டதுல எழுந்து நின்னு, மேசை முழுக்க கேக்குற மாதிரி, "அம்மா! என்ன ஸ்வீட் இருக்கு?"ன்னு கேக்குறா. மாஸ்கோவே நடுங்குற மரியா திமித்ரியெவ்னா விரலை ஆட்டி மிரட்டுறாங்க. இவ விடல. ஐஸ்க்ரீம்தான், உனக்குக் கிடையாதுன்னதும், என்ன ஐஸ்க்ரீம்னு கேக்குறா, கேரட்ங்கறாங்க, பொய், என்ன ஐஸ்க்ரீம்னு திரும்பத் திரும்பக் கத்துறா, கடைசியில பைனாப்பிள்னு சொல்லவெச்சுட்டுத்தான் உக்கார்றா. மொத்த மேசையும் சிரிக்குது, அதுவும் மரியா திமித்ரியெவ்னா சொன்ன பதிலுக்கு சிரிக்கல, அந்தம்மாகிட்டயே இப்படிப் பேசுற இந்தப் பொண்ணோட தைரியத்தை நினைச்சு சிரிக்குது. ஷேரர் வீட்ல முறை தப்பினா மெஷின் நின்னுபோகும்னு பயம். ரஸ்தோவ் வீட்ல முறை தப்பின அந்த நிமிஷத்துலதான் விருந்துக்கே உசுரு வருது.

பியேர் இங்கயும் அதே பியேர்தான். வந்ததும் ஹாலுக்கு நடுவுல கிடந்த நாற்காலியில உக்காந்து எல்லாருக்கும் வழியை மறிக்கிறாரு. கேட்டா ஒத்தை வார்த்தையில பதில். மரியா திமித்ரியெவ்னா எல்லார் முன்னாடியும் வெச்சு, அப்பன் சாகக்கிடக்கிறான், நீ போலீஸ்காரனை கரடி மேல கட்டி வெச்சு விளையாடுறியான்னு கிழிக்கிறாங்க. ஆனா கிழிச்ச பிறகு அவரை யாரும் ஒதுக்கல. மேசையில உக்காந்து ஒண்ணு விடாம சாப்பிடுறாரு, ஒவ்வொரு தட்டு முன்னாடியும் கவுண்ட் பேரு பொறிச்ச நாலு கண்ணாடிக் கிளாஸ், எதுக்கு எந்த ஒயின்னு கூட பாக்காம கையில வந்த கிளாஸை நீட்டுறாரு. சாப்பாடு முடிஞ்சதும் நதாஷா நேரா வந்து, அம்மா உங்களை டான்ஸுக்குக் கூப்பிடச் சொன்னாங்கங்கறா. எனக்கு ஸ்டெப் குழம்பிடும், நீங்க சொல்லித்தர்றதா இருந்தா வர்றேன்னு, தடிமனான கையை அந்தச் சின்னப் பொண்ணு உயரத்துக்கு தாழ்த்தி நீட்டுறாரு. வெளிநாட்டுலேருந்து வந்த ஒரு பெரியவரோட டான்ஸ் ஆடுறோம்னு அவளுக்கு அப்படி ஒரு சந்தோஷம், எல்லாருக்கும் தெரியற மாதிரி உக்காந்து விசிறியை ஆட்டிக்கிட்டுப் பேசுறா. கடைசியில இவங்க ரெண்டு பேரும்தான் கல்யாணம் பண்ணிக்கப் போறாங்கன்னு தெரிஞ்சு திரும்பப் படிக்கும்போது, அந்தத் தாழ்ந்த கை மட்டும் மனசுல நிக்கும்.

ஆன்னா மிகைலொவ்னாவுக்கு இந்த வீட்ல என்ன ஆகுதுன்னா, மகனுக்கு யூனிஃபார்ம் தைக்கக்கூட காசில்லன்னு கவுண்டஸுக்குத் தெரியும். புருஷனைக் கூப்பிட்டு 500 ரூபிள் வேணுங்கறாங்க. அவரு எதுக்குன்னு கேக்கல, மீத்தென்காவைக் கூப்பிட்டு 700 கொண்டா, போன தடவை மாதிரி கிழிஞ்ச அழுக்கு நோட்டு வேண்டாம், சுத்தமான நோட்டா கொண்டா, அம்மாவுக்குங்கறாரு. அந்தப் புது நோட்டு கவுண்டஸோட கைக்குட்டைக்கு அடியில இருக்கு, தோழி வந்ததும் எடுத்து நீட்டுறாங்க, ரெண்டு பேரும் கட்டிப்புடிச்சு அழறாங்க, சின்ன வயசு சிநேகிதத்துக்கு நடுவுல இப்படி காசு வந்து நிக்குதேன்னும் அழறாங்க, இளமை போயிடுச்சேன்னும் அழறாங்க. அங்க செல்வாக்கை எண்ணி எண்ணி செலவு பண்ற வஸீலி, இங்க கேட்டதுக்கு மேல 200 சேத்துக் குடுக்கிற ரஸ்தோவ். ஒரே அம்மா, ஒரே மகன், ஒரே கஷ்டம்.

ஆனா ரஸ்தோவ் வீடு சொர்க்கம்னு டால்ஸ்டாய் சொல்றதா நினைச்சுடாதீங்க. அதே விருந்துல ஒரு ஜெர்மன் வாத்தியார் உக்காந்திருக்காரு, ஊருக்கு லெட்டர் எழுதணும்னு ஒவ்வொரு பதார்த்தத்தையும் மனப்பாடம் பண்ணிக்கிட்டு இருக்காரு, துணி சுத்தின பாட்டிலோட வந்த பரிமாறுற ஆளு அவரை மட்டும் தாண்டிப் போயிடுறான். அவருக்கு மனசு சுருங்கிப்போகுது, ஆசைக்காக இல்ல, தெரிஞ்சுக்கத்தானே கேட்டேன்னு தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கிறாரு. கவுண்ட் முகம் பாக்கலன்னாலும் அவரு வீட்டு ஆளு பாக்குறான். அன்னைக்கே சோன்யா, அந்த வீட்டை அண்டி வளர்ற பொண்ணு, நடையில கிடக்கிற பெட்டி மேல குப்புற விழுந்து அழறா. கவுண்ட் மரியா திமித்ரியெவ்னாவோட 'டேனியல் கூப்பர்' டான்ஸை ஆடி வேர்த்து நிக்கிறாரு, வேலைக்காரங்க எல்லாம் கதவோரம் கூடி நின்னு ரசிக்கிறாங்க, அங்க ஹால்ல ஆங்லேஸ்ங்கற டான்ஸை ஆறாவது தடவையா ஆடும்போது ஊரோட இன்னொரு பக்கம் பியேரோட அப்பாவுக்கு ஆறாவது தடவையா பக்கவாதம் தாக்குது. அந்த 80 பேரு சாப்பாடும் பண்ணையடிமைங்க உழைப்புல வந்தது, கவுண்ட் கணக்கைப் பாக்குறதே இல்ல, மீத்தென்கா என்ன எழுதுறானோ அதான். 1806 மார்ச்ல மாஸ்கோ இங்கிலீஷ் கிளப்ல தளபதி பக்ரதியோனுக்கு 300 பேர் விருந்து, அதை நடத்துற பொறுப்பையும் இவருகிட்டதான் குடுக்கிறாங்க, ஏன்னா பத்தலன்னா இவரு மாதிரி கைக்காசைப் போடுற ஆளுங்க ரொம்பக் கம்மி. கடைசியில அவரு சாகும்போது கடன் சொத்தைப்போல ரெண்டு மடங்கு. மகன் நிகலாய் அந்தச் சுமையைத் தூக்கறான். இந்த கவுண்ட்டை டால்ஸ்டாய் தன்னோட சொந்தத் தாத்தாவை வெச்சுத்தான் உருவாக்கினாரு, அவரும் இப்படியே வாரிக்குடுத்து நொடிச்சவரு. அந்தப் பாசமும் அந்தக் கோவமும் ரெண்டுமே எழுத்துல இருக்கு.

நடுவுல பெர்க் வீட்டு விருந்தைத் தவறவிடாதீங்க. ரஸ்தோவோட மூத்த மருமகன், மூத்த பொண்ணு வேராவைக் கட்டினவரு. புது வீடு, புது சாமான், முதல் பார்ட்டி. பியேர்தான் முதல் விருந்தாளி, நேர்த்தியா அடுக்கி வெச்ச நாற்காலியை ஒண்ணு இழுத்துப் போட்டு உக்காந்து மொத்த ஒழுங்கையும் கெடுத்துடுறாரு. எல்லா வீட்லயும் இருக்கிற மாதிரியே பேச்சு, எல்லா வீட்லயும் இருக்கிற மாதிரியே டீ, வெள்ளிக் கூடையில கேக், எல்லாம் சரி, ஆனா ஆம்பளைங்க சத்தமா வாதம் பண்றது மட்டும் இன்னும் வரலையேன்னு பெர்க்குக்கு ஒரு குறை. ஒரு ஜெனரல் அதையும் ஆரம்பிச்சு வெச்சதும்தான் அவருக்கு நிம்மதி. ஆன்னா பாவ்லொவ்னாவுக்காவது ஒரு நோக்கம் உண்டு, இவருக்கு ஊர்ல எல்லாரும் பண்ற மாதிரி நாமும் பண்ணிட்டோம்ங்கறதுதான் மொத்த சந்தோஷமும்.

இதுக்கு நேர் எதிர், மிகைலவ்காங்கற கிராமத்துல வேட்டை முடிஞ்சு இருட்டினப்புறம் நதாஷாவும் நிகலாயும் போற 'மாமா' வீடு. அழைப்பு இல்ல, ஏற்பாடு இல்ல, சுவத்துல தோலும், நாய் வாசனையும். வீட்டைப் பாத்துக்கற அனீஸியா ஃபியோதரவ்னா ஒரு பெரிய தட்டைத் தூக்கிட்டு வர்றாங்க, மூலிகை போட்ட வோட்கா, காளான், மோர் விட்டு சுட்ட கம்பு மாவு மாதிரி ஒரு ரை மாவு ரொட்டி, தேனடை, ஆப்பிள், வறுத்த கொட்டை, தேன்ல ஊறின கொட்டை, எல்லாம் அவங்க கையாலயே பண்ணது. மாமா கிட்டாரை எடுக்கறாரு, பிரெஞ்சுக்காரி வளர்த்த இந்தப் பட்டுப் பாவாடைப் பொண்ணு சால்வையைத் தூக்கிப் போட்டுட்டு நாட்டுப்புற ஆட்டம் ஆடுறா, ஒரு அசைவு தப்பல, அனீஸியா சிரிச்சுக்கிட்டே கண்ணைத் தொடைக்கிறாங்க. திரும்பிப் போற வழியில நதாஷா சொல்றா, இனிமே என்னைக்கும் இவ்வளவு சந்தோஷமா, இவ்வளவு அமைதியா இருக்கவே மாட்டேன்னு எனக்குத் தெரியும்னு.

அப்புறம் 1812. புனித நதால்யா நாள் பழைய ரஷ்ய காலண்டர்ல ஆகஸ்ட் 26. மாஸ்கோ பக்கம் நெப்போலியன் படையோட பொரொதினோ போர் நடந்ததும் 1812 ஆகஸ்ட் 26. அதே 26ஆம் தேதி சாயந்தரம் பீட்டர்ஸ்பர்க்ல ஆன்னா பாவ்லொவ்னா வீட்ல பார்ட்டி! இப்ப அவங்க தேசபக்தி, பிரெஞ்சு தியேட்டருக்குப் போன பெரிய மனுஷங்களை வெக்கப்பட வெக்கணும்னு ஏற்பாடு. வஸீலி பேராயரோட கடிதத்தை வாசிக்கிறாரு, கத்தலும் முணுமுணுப்பும் மாறி மாறி, எந்த வார்த்தைக்கு கத்தல் வரும், எதுக்கு முணுமுணுப்பு வரும்னு அர்த்தத்துக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல, அதைத்தான் அங்க நல்ல வாசிப்புங்கறாங்க. ஏழு வருஷம் ஆயிடுச்சு, ஸ்பிண்டில் அதே மாதிரி ஓடிக்கிட்டு இருக்கு.

செப்டம்பர் 1, மாஸ்கோ. மறுநாள் நெப்போலியன் உள்ள வரப்போறான். ரஸ்தோவ் வீட்டு முத்தத்துல 30 வண்டிக்கு மேல, சாமான் ஏத்தி நிக்குது. முந்தின நாள் நதாஷாவே உக்காந்து கம்பளத்தையும் சாக்ஸன் பீங்கானையும் இடம் விடாம அடுக்கினா. வீட்லயும் முத்தத்துலயும் காயம்பட்ட சிப்பாய்ங்க, எங்களையும் ஏத்திக்குங்கன்னு கேக்கறாங்க. கவுண்ட் ரெண்டு வண்டியைக் குடுக்கலாம்னு தயங்கித் தயங்கிச் சொல்றாரு, கவுண்டஸ் விடல, உங்களாலதான் ஏற்கனவே எல்லாம் போச்சு, புள்ளைங்களுக்குன்னு இருக்கறதையும் அழிக்கணுமாங்கறாங்க. அந்த நேரம் பாத்து பெர்க் வந்து நிக்கிறாரு. யூஸுபோவ் மாளிகையில ஒரு சின்ன அலமாரியும் டிரஸ்ஸிங் டேபிளும் சல்லிசா கிடைக்குது, வேராவுக்கு ரொம்ப நாள் ஆசை, தூக்கறதுக்கு ஒரு ஆளை அனுப்புங்க, நல்லாக் காசு குடுத்துடுறேன்னு. கவுண்ட் முகம் சுருங்கி, எல்லாரும் நாசமாப் போங்கன்னு கத்திட்டு வெளிய போயிடுறாரு. நதாஷா புயல் மாதிரி உள்ள வந்து, இது அசிங்கம், இப்படிப் பண்ணவே கூடாதுன்னு அம்மா முன்னாடி அழுதுக்கிட்டே கத்துறா. கவுண்டஸ் தலை குனியறாங்க. கவுண்ட் மகளைக் கட்டிக்கிட்டு, முட்டை கோழிக்குப் பாடம் சொல்லுது பாருன்னு சொல்லி அழறாரு.

வேலைக்காரங்களுக்கு முதல்ல நம்பிக்கையே வரல, அப்புறம் இதுதான் எப்பவோ பண்ணியிருக்க வேண்டிய வேலைங்கற மாதிரி இறக்கறாங்க. பக்கத்து வீட்ல கிடந்த காயம்பட்டவங்களும் கேள்விப்பட்டு இங்க வர ஆரம்பிக்கிறாங்க. கணக்குப் பாக்கற ஆளு, இன்னும் நாலு பேரை ஏத்தலாம், என் வண்டியைத் தர்றேங்கறான். என் துணிமணி வண்டியையும் குடுத்துடுங்க, வேலைக்காரி துன்யாஷா என்கூட உக்காந்துக்கட்டும்னு கவுண்டஸ் சொல்றாங்க. 80 பேருக்குப் பந்தி போட்ட வீட்டோட பாத்திரப் பெட்டிங்க, வெண்கலச் சிலை, படம், நிலைக்கண்ணாடி எல்லாம் முத்தத்துல கிடக்குது, அதைச் சுத்திக்கிட்டு இன்னும் எதை இறக்கலாம்னு தேடிக்கிட்டு இருக்காங்க.